மாதத்துக்கு ஓர் அங்குலம்

வரதராஜன்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நுழைகிறவர்களின் காதில் முதலில் விழுவது சகாய பிரியாவின் குரல்தான். யாரையும் திட்டுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரணமாகப் பேசினாலே அவ்வளவு சத்தம். தா.பழூர் பக்கம் நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவள், இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகிய தொண்டை என்று அவளே சொல்வாள். மரிய ஆல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது முந்திரியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அதைப் பாயசத்தில் போடலாம் என்பது மட்டும். இப்போது ஆல்பர்ட் லோடு வண்டி ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற முந்திரி ஷெட்டை நடத்துவது அவள்.

கொட்டையை ஆவியில் வேகவைத்து, உடைத்து, பருப்பை எடுத்து ட்ரையரில் காயவைத்து, சிவப்புத் தோலை உரித்துத் தரம் பிரிக்க வேண்டும். உடைக்கிற வேலைதான் மோசமானது. ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் சொறிந்துகொண்டுதான் பேசுவார்கள். ட்ரையர் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே தட்டுத் தட்டாகப் பருப்பு சூட்டில் கிடக்கும். அந்த அலமாரியை மட்டும் பிரியா யாரிடமும் விட மாட்டாள். பருப்பு காய்ந்து மணக்கிற நேரத்தில் கதவைத் திறந்து தட்டுகளை அவளே இழுப்பாள். பொறுப்பாளரான கொளஞ்சிகூடத் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

என் அக்கா ரோஸ்லின் மார்பகப் புற்றுநோயில் இறந்து, முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரியா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"டீச்சர், உங்க அக்காவுக்கு மொதல்ல எப்படி இருந்துச்சு? சுண்டைக்காய் மாதிரியா?"

"ஆமா. ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லல."

"எனக்கும் ஒண்ணு இருக்கு. சுண்டைக்காய்னு சொல்ல முடியாது. பட்டாணின்னு வச்சுக்கங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். அக்காவோடு நான் போனபோது காலம் கடந்திருந்தது. பிரியாவோடு போனபோது இன்னும் கடந்துவிடவில்லை. 

ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் முடிந்து, புற்றுநோய்தான், இடது மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்த கையோடு, அடிவயிற்றுச் சதையையும் தோலையும் கொண்டுவந்து புதிதாக ஒரு மார்பை அமைக்கலாம் என்றும் சொன்னார்கள். இதைக் கேட்டதும் அதிகம் கண்ணை விரித்தவர், அன்று கூட வந்திருந்த அவளுடைய மாமியார் செபஸ்தியம்மாள்.

"வயித்துல இருக்குறத எடுத்து மேல வைப்பாங்களா? அப்ப தொந்தியும் போயிடும்?"

"போயிடும்மா" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு செய்யுங்களேன்."

பிரியா சிரிக்கவில்லை. "தொட்டாத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். பொதுவாகத் தெரியாது. நெஞ்சுத் தோலுக்கு வரும் நரம்புகள் அறுபட்டுப் போகும். ஆனால் வயிற்றுச் சதையோடு வருகிற ஒரு நரம்பை நெஞ்சில் அறுபட்ட நரம்போடு சேர்த்துத் தைத்துப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டால் கொஞ்சம் உணர்வு திரும்பும். முழுவதும் திரும்பாது, திரும்பாமலேயும் போகலாம். நரம்பு மாதத்துக்கு ஓர் அங்குலம் வளர்ந்தாலே பெரிது. ஒன்றரை வருடமாவது பொறுக்க வேண்டும்.

"முருங்கைப் போத்து நட்டாக்கூட இதவிட சுருக்காத் தழைச்சிடும்" என்றார் செபஸ்தியம்மாள்.

"தைச்சு விட்டுருங்க டாக்டர்" என்றாள் பிரியா. "வர்றது வரட்டும்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கீமோவில் முடி கொட்டி, சுருட்டையாக முளைத்தது. பார்க்க வந்த பெண்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சங்கடத்தைப் பிரியாவே உடைத்துவிடுவாள்.

"நல்லாப் பாத்துக்கங்கக்கா. வெளியில வாங்குனது இல்ல, என் சொந்த வயிறு. இனிமே பிரியாணி தின்னா இங்கதான் ஏறுமாம்."

வீட்டில் எல்லோரும் இந்தச் சிரிப்போடு சரியாகிவிட்டதாக நினைத்தோம். ஒருநாள் மாலை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"வாடகைக்கு யாரோ குடிவந்த மாதிரி இருக்கு டீச்சர். வூடு என்னுது. உள்ள யாரு இருக்கான்னு எனக்குத் தெரியல. தட்டினா பதில் இல்ல. குளிக்கையில தண்ணி ஊத்துறேன், வலப்பக்கம் சில்லுங்குது. இடப்பக்கம் சத்தம் மட்டும்தான் கேக்குது."

பொங்கலுக்குப் பிறகு அந்த மரப்பு வேறு விதமாக வெளிப்பட்டது. ஷெட்டுக்குத் திரும்பிய முதல் வாரம் அது. பழைய வழக்கப்படி ட்ரையரிலிருந்து சூடான தட்டை இழுத்து, நெஞ்சில் அணைத்துப் பிடித்தபடி யாரிடமோ கதை பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். நைட்டிக்கு மேலே ஒரு துண்டு மட்டும் போட்டிருந்தாள். கொளஞ்சிதான் தீய்ந்த நாற்றம் உணர்ந்து ஓடிவந்து தட்டைப் பிடுங்கியது.

"யக்கா! துணி பொசுங்குது! ஒனக்குச் சுடல?"

துணிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். பிரியா அதைக் குனிந்து பார்த்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் காயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்று கொளஞ்சி சொன்னது. வலியே இல்லை. அதுதான் ஆல்பர்ட்டைப் பயமுறுத்தியது. அதிகம் பேசாத மனிதர். அன்று மட்டும் ஒரு முடிவு சொன்னார். உணர்வு திரும்புகிற வரைக்கும் ட்ரையர் பக்கம் போகக் கூடாது, உடைக்கிற இடத்துக்கும் போகக் கூடாது. உட்கார்ந்து தரம் பிரிக்கலாம்.

"திரும்பவே இல்லன்னா?" என்றாள் பிரியா.

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஷெட்டின் முதலாளியம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து முழுப்பருப்பைத் தனியாகவும் உடைசலைத் தனியாகவும் பொறுக்கினாள். ட்ரையர் கொளஞ்சி கைக்குப் போனது. தூரத்திலிருந்தே பிரியா மூக்கை உறிஞ்சி, "எடுடி, எடுடி, கருகப் போவுது" என்று கத்துவாள். "இன்னும் நேரம் இருக்குக்கா" என்று கொளஞ்சி கத்தும். ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ரேடியோ தேவைப்படவில்லை.

காயத்தைப் பார்த்த டாக்டரம்மா, உணர்வைப் பழக்குகிற பயிற்சி ஒன்று சொல்லி அனுப்பினார். மூளைக்கு அந்த இடத்தை மறுபடி அறிமுகம் செய்துவைக்க வேண்டுமாம். கண்ணாடி முன் உட்கார்ந்து, முதலில் வலது பக்கத்தில் பஞ்சால் தொட வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே பஞ்சால் இடது பக்கம் தொட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வேறு யாராவது தொட, என்ன பொருள், எந்த இடம் என்று சொல்ல வேண்டும். மிருதுவானது, சொரசொரப்பானது, குளிர்ந்தது என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். சூடு மட்டும் கூடவே கூடாது.

அந்த "வேறு யாராவது" யார் என்பதில் வீட்டில் சிக்கல். ஆல்பர்ட் பஞ்சை எடுத்தாலே பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவருக்கு வெட்கம். செபஸ்தியம்மாள் அரிசி களைகிற வேகத்தில் தேய்க்கிறார். கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் போவதென்று ஆனது. அக்காவுக்குக் கடைசி மாதங்களில் முதுகு துடைத்துவிட்ட கை என்னுடையது, எனக்குக் கூச்சம் இல்லை.

பஞ்சு, பல் தேய்க்கிற பழைய பிரஷ், கல்யாணப் பட்டின் முந்தானை, குளிர்ந்த தண்ணீரில் போட்டெடுத்த ஸ்பூன். பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்காருவாள்.

"பட்டு."

"இல்ல."

"பிரஷ்ஷு."

"இல்ல."

"பஞ்சு! பஞ்சேதான்!"

"நான் இன்னும் தொடவே இல்ல பிரியா."

"ஏன் டீச்சர், ஸ்கூல்லயும் இப்படித்தான் கேள்வியே கேக்காம மார்க்கக் கொறைப்பீங்களா?"

சில நாள் காதால் ஏமாற்றுவாள். ஸ்பூனைக் கிண்ணத்திலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டதும் "ஸ்பூன்" என்பாள். ஒருநாள் ஸ்பூனைச் சத்தமாக எடுத்துவிட்டுப் பிரஷ்ஷால் தொட்டேன். "ஸ்பூன். நல்லா சில்லுன்னு இருக்கு" என்றாள். கண்ணைத் திறந்து பிரஷ்ஷைப் பார்த்ததும் அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாரங்கள் போயின. ஒன்றும் மாறவில்லை. தவக்காலத்தில் ஒரு மாலை, சிரிப்பெல்லாம் இல்லாமல், என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"போதும் டீச்சர். செத்த எடத்தப் போயி எதுக்குக் குசலம் விசாரிக்கணும்?"

நான் வெளியே போய்ப் பிரஷ்ஷைத் தேடி எடுத்துக் கழுவி அதே டப்பாவில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் நான் போனபோது அவள் கண்ணை மூடித் தயாராக உட்கார்ந்திருந்தாள். 

ஈஸ்டர் முடிந்து முந்திரி சீசன் உச்சத்துக்கு வந்தது. மூட்டை மூட்டையாகக் கொட்டை வந்து இறங்கியது. உடைக்கிற பெண்களில் இரண்டு பேர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் செந்துறை போய்விட்டார்கள். ஆல்பர்ட் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், பிரியா கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போய் உடைக்கிற மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிடாதடி" என்று கொளஞ்சியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இப்படியே நடந்தது.

அந்த வாரக் கடைசியில் அவளுக்கு அரிப்பு வந்தது. நெஞ்சில், மேல் ஓரத்தில். திருட்டுத்தனமாகப் போனதற்கு மாதா கொடுத்த தண்டனை என்று அவளே முடிவு செய்துகொண்டாள். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடமும், "ரெண்டு நாளைக்குப் பயிற்சி வேணாம் டீச்சர், சீசன் அசதி" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தேகம் வரவில்லை. சீசனில் இந்த ஊரில் அசதி இல்லாத ஆள் யார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷெட்டுச் சாவி வாங்கக் கொளஞ்சியும் வந்திருந்தது. ஆல்பர்ட் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள் அறையிலிருந்து செபஸ்தியம்மாளின் குரல் கேட்டது.

"கதவுக்குப் பின்னால என்னாடி பண்ற?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா சீப்ப வச்சுச் சொறியிற?"

அதற்குப் பிறகு விசாரணை அதிக நேரம் ஆகவில்லை. செபஸ்தியம்மாள் கூடத்துக்கு வந்து கொளஞ்சியை ஒரு பார்வை பார்த்தார். கொளஞ்சி சத்தியத்தை மறந்துவிட்டது.

"பெரியம்மா, நான் எவ்வளவோ சொன்னேன். யக்கா கேக்கல. மூணு நாளு மெஷின்ல ஒக்காந்துச்சு."

"போனியா?" என்றார் ஆல்பர்ட்.

"கொஞ்ச நேரந்தாங்க. ஆளு இல்லல்ல?"

அவ்வளவுதான். செபஸ்தியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இவள எந்த ஊருல பெத்தாங்களோ! படுக்கப் போட்டு எழுப்பிக் கொண்டாந்திருக்கோம், கொழுப்பப் பாத்தியா? கையில பட்டா போவுதுன்னு விடலாம். மூஞ்சில பட்டாக்கூடச் சரிங்கலாம். மரத்துப்போன எடத்துலகூட அரிப்பெடுக்குற அளவுக்கு அள்ளி அப்பிக்கிட்டு வந்திருக்காளே! தொட்டாத் தெரியல, தண்ணி ஊத்துனாத் தெரியல, தட்டு சுட்டாத் தெரியல, இந்த அரிப்பு மட்டும் எப்படி..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

 பிரியாவின் கையில் சீப்பு இருந்தது.

"ஏ குட்டி" என்றார் செபஸ்தியம்மாள், இதுவரை நான் கேட்டிராத குரலில். "எந்தப் பக்கம் அரிக்குது?"

"இடப்பக்கம் அத்தை."

"தோள்ல இல்லையே? கழுத்துல இல்லையே?"

"இல்ல. இங்கதான். புதுசுலதான்."

"ஆல்பர்ட்டு, வெளிய போடா."

"நான் அவ புருசம்மா."

"புருசனா இருந்தா என்னா? போ வெளிய."

கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. ஓட்டு எண்ணெய் பட்டிருந்தால் இத்தனை நாளில் தோல் உரிந்திருக்க வேண்டும். சீப்பின் கோடுகள் மட்டும் இருந்தன. "கண்ண மூடு பிரியா" என்றேன். பிரஷ் டப்பாவைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. செபஸ்தியம்மாள் தன் கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றிக் கொடுத்தார். கயிற்றில் கோத்த சின்னப் பழுப்பு நிறக் கம்பளித் துணி, நல்ல சொரசொரப்பு. அதை மேல் ஓரத்தில் வைத்தேன்.

"என்னமோ இருக்கு" என்றாள் பிரியா.

எடுத்தேன்.

"இல்ல."

சும்மா இருந்தேன். ஏமாற்றுகிறாளா என்று பார்க்க நெடுநேரம் சும்மா இருந்தேன்.

"இல்ல. இன்னும் இல்ல. டீச்சர், தூங்கிட்டீங்களா?"

வைத்தேன்.

"இருக்கு!"

என்ன பொருள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே போனால் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு விரல் அகலத்தில் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாயோ காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

வெளியே ஆல்பர்ட் கதவைத் தட்டினார். "என்னா ஆச்சு?"

"அரிக்குதாம்ணே!" என்று கொளஞ்சி உள்ளிருந்து கத்தியது.

"அதான் தெரியுமே!"

"அட, நெசமாவே அரிக்குதாம்ணே!"

செபஸ்தியம்மாள் அடுத்த சனிக்கிழமையே ஏலாக்குறிச்சிக்குப் போய் அடைக்கல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். மருமகளுக்கு அரிப்பு வந்ததற்காக நன்றி சொன்ன ஒரே மாமியார் தானாகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வந்தாராம். அந்தம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி.

திருச்சியில் டாக்டரம்மாவும் சிரித்தார். நரம்பு விழிக்கும்போது பலருக்கு முதலில் வருவது அரிப்பும் சுருக்கென்ற குத்தலும்தானாம். தொடுவது முதலில் தெரியும், சூடும் வலியும் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. சொறியாமல் இருந்தால் நல்லது. சீப்பு கூடவே கூடாது.

பயிற்சி மறுபடி தொடங்கியது. இப்போது அவள் தவறுகளும் சுவாரசியமாக இருந்தன. பஞ்சால் நெஞ்சில் தொட்டால் "முதுகுல தெரியுது" என்பாள். ஸ்பூனை வைத்தால் "யாரோ வயித்துல ஊதுறாங்க" என்பாள். ஆடி மாதத்தில் பட்டும் பிரஷ்ஷும் வெவ்வேறாகத் தெரிந்தன. வெயில் தணிந்து மழை தொடங்கியபோது, குளித்துவிட்டு ஈரத்தலையோடு என் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். "டீச்சர், ரெண்டு பக்கமும் சில்லுங்குது!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொரு தடவை திருச்சி போனோம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று, குளிர்ந்த குழாய் ஒன்று. பிரியா கண்ணை மூடியிருக்க, மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்கள். மேல் பாதி முழுவதும் சரியாகச் சொன்னாள். அடி ஓரத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அங்கே வராமலே போகலாம் என்றார் டாக்டரம்மா.

"ட்ரையர்கிட்டப் போகலாமா?" என்றாள் பிரியா. இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள்.

"போகலாம். தட்ட நெஞ்சுல அணைக்கக் கூடாது. கெட்டியா ஏதாவது கட்டிக்கணும்."

ஆல்பர்ட் பெருமூச்சு விட்டார். ஆனால் ஜெயங்கொண்டத்தில் ஒரு டெய்லரிடம் தடித்த தார்ப்பாய்த் துணியில் கழுத்திலிருந்து முழங்கால் வரை மறைக்கிற மாதிரி ஒரு மேலங்கி தைத்து வாங்கிவந்தவரும் அவர்தான். பிரியா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னையும் லோடு கட்டி அனுப்பலாம்னு பாக்குறீங்களா?"

மறுநாள் காலை நானும் பள்ளிக்குப் போகும் வழியில் ஷெட்டில் எட்டிப் பார்த்தேன். பிரியா ட்ரையர் முன்னால் நின்றாள். மேலங்கி இன்னும் கையில்தான் இருந்தது. கொளஞ்சி இரண்டடி தள்ளி, இதுவரை தான் ஆண்ட அலமாரியைத் திருப்பிக் கொடுக்கிற முகத்தோடு நின்றது. பிரியா ஒரு எட்டு விலகி, இடது பக்கத்தைக் கதவுக்குக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். பருப்பு மணத்தோடு அனல் வெளியே வந்தது.

"ஐயோ, சுடுது!" என்று இடது நெஞ்சில் கைவைத்தபடி துள்ளிப் பின்னால் வந்தாள்.

கொளஞ்சி தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. உடைக்கிற மெஷின்கள் எல்லாம் நின்றன.

"தண்ணி எதுக்குடி? சுடுதுன்னுதானே சொன்னேன்!"

கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். மறுபடி அதே இடத்தில், அதே பக்கம் திரும்பி நின்றாள். பின்வாசலிலிருந்து செபஸ்தியம்மாள் கத்தினார்.

"ஏண்டி, பருப்பு காயணுமா வேணாமா? இப்படித் தெறந்து தெறந்து மூடுனா உள்ள சூடு நிக்குமா?"

"இருங்க அத்தை" என்றாள் பிரியா. "இன்னும் ஒரே ஒரு தடவ."